செய்முறைத் தேர்வில் செக்பாக்ஸ் வினா வந்தால்

இணைய நிரலாக்கச் செய்முறைத் தேர்வின் முடிவு வந்துவிட்ட நிம்மதியில், அடுத்து எழுதப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரெக்கார்டு நோட்டை வரி பிசகாமல் மனப்பாடம் செய்கிறவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது. வெளியீடு சரியாக வந்த மறுநிமிடமே எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) ஏதாவது ஒன்றை மாற்றிக் காட்டச் சொல்வார்.

எனக்கு வந்தது செக்பாக்ஸ், அதாவது டிக் செய்யும் பெட்டிகள், கொண்ட சிற்றுண்டிப் பட்டியல். இட்லி, பொங்கல், வடை ஆகியவற்றுள் டிக் செய்தவற்றின் விலையைக் கூட்டிக் காட்ட வேண்டும். மேலே ‘அனைத்தும்’ என்றொரு பெட்டியும் வேண்டும். அந்த மேற்பெட்டியைச் சொடுக்கினால் கீழுள்ள எல்லாவற்றிலும் டிக் விழும், ஆனால் மொத்தத் தொகை மட்டும் அசையாது. பயனர் சொடுக்கும்போது எழுகிற சேஞ்ச் நிகழ்வு (நிலை மாறியதென்ற அறிவிப்பு), செக்டு பண்பை (டிக் உள்ளதா என்பதைக் குறிப்பது) ஸ்கிரிப்ட் (பக்கத்தில் ஓடும் நிரல்) மாற்றும்போது எழுவதில்லை என்பதே காரணம். ஆகவே கூட்டலைத் தனி ஃபங்ஷனாக (பெயரிட்டு அழைக்கும் நிரல்துண்டாக) எழுதி, மேற்பெட்டியின் ஹேண்ட்லரிலிருந்தும் (சொடுக்கியதும் ஓடும் ஃபங்ஷன்) அதை நேரடியாக அழைத்துவிடுங்கள். வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். என்னைக் கரைசேர்த்தது இந்த ஒரே வரிதான்.

கூட்டும்போது பெட்டியின் வேல்யூவை (எழுத்துச் சரமாக வரும் விலையை) எண்ணாக மாற்ற வேண்டும். இல்லையேல் சுழியத்தில் தொடங்கி 30 ரூபாய் இட்லியையும் 15 ரூபாய் வடையையும் சேர்த்தால் 45 வராது, 03015 என்று திரையில் நிற்கும்.

வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு):

- டிக் உள்ளதா என்பதை வேல்யூவிடம் கேட்காதீர்கள், செக்டு பண்பிடம் கேளுங்கள். வேல்யூ எழுதாத பெட்டி எந்நிலையிலும் ‘ஆன்’ என்றே சொல்லும்.
- டிக் இல்லாத பெட்டி, ஃபார்மைச் சமர்ப்பிக்கும்போது சர்வருக்குப் போகவே போகாது.
- ஆட்ரிப்யூட்டைப் (குறிச்சொல்லில் எழுதும் அமைப்பை) படிக்கும் கெட்ஆட்ரிப்யூட் காட்டுவது எச்டிஎம்எல்லில் எழுதிய தொடக்க நிலையை. பயனர் பின்னர் டிக்கை எடுத்தாலும் அது மாறாது.

நான் மெதுவாகத் தட்டச்சு செய்பவன் என்பதால் வண்ணம், அலங்காரம் எதையும் தொடவில்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன். மிஞ்சிய நேரத்தில், சில பெட்டிகளில் மட்டும் டிக் இருக்கையில் மேற்பெட்டி சிறு கோடாகத் தெரியும்படி இன்டிடர்மினேட் பண்பை அமையுங்கள். அதற்கு எச்டிஎம்எல் ஆட்ரிப்யூட் கிடையாது, ஸ்கிரிப்டால்தான் வைக்க முடியும். தோற்றத்தை மட்டுமே அது மாற்றுவதால் செக்டு மதிப்பைத் தனியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.