நீர்க்கட்டியும் நம்ம வீட்டுச் சாப்பாடும்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பாலிசிஸ்டிக் ஓவரி', அதாவது சினைப்பையில் நீர்க்கட்டி என்று வந்த அன்றைக்கே பல வீடுகளில் அந்தப் பெண்ணுக்குச் சோறு நின்றுபோகிறது. வெயிட்டைக் குறைத்தால் சரியாகிவிடும் என்ற ஒரு வரிதான் ஆஸ்பத்திரியில் கிடைத்திருக்கும். எப்படிக் குறைப்பது என்பதை அக்கம்பக்கமும் யூடியூபும் சொல்லும். மூன்று வாரம் எலுமிச்சைத் தண்ணீரும் வெள்ளரிக்காயுமாக ஓடும். நாலாவது வாரம் ஒரு கல்யாண வீடு வரும், அதோடு பட்டினி முடியும். இறங்கின மூன்று கிலோ நாலாகத் திரும்பி வரும். இதில் அந்தப் பிள்ளையின் மன உறுதியைக் குறைசொல்ல எதுவும் இல்லை. பட்டினி போட்டால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு விஷயம். நீர்க்கட்டி என்றதும் ஏதோ கட்டி வளர்ந்துவிட்டதாகப் பயந்து, அதைக் கரைக்க மருந்து தேடுகிறார்கள். ஸ்கேனில் சின்னச் சின்னக் கருப்புப் புள்ளிகளாகத் தெரிவது கட்டி இல்லை. வளர ஆரம்பித்து, வெடித்து வெளியே வராமல் பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள்தான் அவை. அதனால் கரைக்க வேண்டியது எதுவுமே கிடையாது. ஸ்கேனை மட்டும் வைத்து இந்த நோயை முடிவு செய்வதும் இல்லை. 2003-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் வகுத்த விதிப்படி மூன்றில் இரண்டு இருக்க வேண்டும்: மாதவிடாய் தள்ளிப்போவது, ஆண் ஹார்மோன் கூடியதன் அடையாளம், அதாவது தாடையில் முடி, விடாத முகப்பரு, அல்லது ரத்தப் பரிசோதனையில் கூடிய அளவு, மூன்றாவதாகத்தான் ஸ்கேன். தைராய்டும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே இந்த முடிவுக்கு வர வேண்டும். வயதுக்கு வந்து எட்டு வருஷத்துக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு, எந்தக் கோளாறும் இல்லாவிட்டாலும் ஸ்கேன் அப்படிக் காட்டலாம். ஒரு ஸ்கேனை வைத்துப் பதினைந்து வயதுப் பிள்ளையை நோயாளி ஆக்கிவிடாதீர்கள்.

எடைக்கும் இதற்கும் நடுவில் நிற்பது இன்சுலின். இந்த நோய் உள்ள பலருக்கு உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. சர்க்கரையைக் கட்டுப்படுத்த, கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. ரத்தத்தில் அந்த ஹார்மோனைப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் தயாரிக்கிறது. இன்சுலின் கூடினால் அதுவும் குறைந்துவிடும். முட்டை வளர்ச்சி நிற்கிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது. வயிற்றில் கொழுப்புக் கூடினால் இன்சுலின் இன்னும் ஏறும். சுற்றிச் சுற்றி இதேதான்.

பின்கழுத்தில் வெல்வெட் மாதிரி தடித்துக் கருத்திருப்பதும் இந்த இன்சுலின் வேலையே. அதை அழுக்கு என்று நினைத்து எலுமிச்சைத் தோலும் சர்க்கரையும் வைத்து, பீர்க்கங்காய் நாரால் தோல் எரியும்வரை தேய்க்கிறார்கள். தேய்த்தால் புண்தான் ஆகும். இன்சுலின் இறங்கினால் அந்தக் கருமை மெல்ல மங்கும்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தச் சுற்று உடைவதற்கு 'ஒல்லி' ஆக வேண்டியதில்லை. இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வரத் தொடங்குகிறது. 76 கிலோ இருப்பவருக்கு ஏறத்தாழ 4 முதல் ஏழரை கிலோ. ஆறு மாதத்தில் அது நடந்தால் போதும். வாரத்துக்கு அரை கிலோவைத் தாண்டி இறங்க வேண்டும் என்று துடித்தால் பட்டினிதான் கிடக்க வேண்டிவரும்.

இந்த நோய்க்கென்று தனி டயட் எதுவும் கிடையாது. கீட்டோ, பேலியோ, விட்டுவிட்டு விரதம் என்று எதை எடுத்தாலும், மற்றதைவிட இதுதான் மேல் என்று நிரூபணம் ஆகவில்லை. 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது. பாலையும் கோதுமையையும் எல்லாரும் நிறுத்தவேண்டும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. எது வருஷக்கணக்கில் உங்கள் வீட்டில் ஓடுமோ அதுதான் உங்கள் டயட்.

அப்படியென்றால் நம் வீட்டுச் சாப்பாட்டில் கோளாறு எங்கே? காலையில் நாலு இட்லி. பதினோரு மணிக்கு டீ, பிஸ்கட். மதியம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை சோறு. சாயங்காலம் டீயும் மிக்சரும். ராத்திரி மூன்று தோசை. இதில் எதுவும் கெட்ட சாப்பாடு இல்லை. ஆனால் காலையில் கிரைண்டரில் ஆட்டிய அரிசி, மதியம் வடித்த அரிசி, ராத்திரி மறுபடி ஆட்டிய அரிசி. நாள் முழுக்கக் கிடைத்த புரதத்தைக் கூட்டினால் 40 கிராம் பக்கம்தான் வரும். 65 கிலோ பெண்ணுக்குக் குறைந்தபட்சம் 54 கிராமாவது வேண்டும். எடையைக் குறைக்கும்போது, தசை கரையாமல் இருக்கக் கிலோவுக்கு ஒரு கிராம் என்று 65 கிராம் வைத்துக்கொள்வது நல்லது. புரதம் போதாத தட்டு சீக்கிரம் பசிக்கும். அந்தப் பசிதான் நாலரை மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறக்க வைக்கிறது.

சோற்றை நிறுத்தவேண்டாம், அளக்க வேண்டும். 200 மில்லி டம்ளரில் தலை தட்டி ஒரு டம்ளர் சோறு ஏறத்தாழ 150 கிராம், 200 கலோரி. கண் அளவில் போடுகிறவர்கள் இரண்டரை டம்ளர் போட்டுக்கொண்டு 'கொஞ்சம்தான் சாப்பிட்டேன்' என்பார்கள், பொய்யாக இல்லை, உண்மையாகவே அப்படித்தான் தெரியும். ஒரு வாரம் டம்ளரால் அளந்து போடுங்கள். அப்புறம் கண்ணே பழகிவிடும். மதியத்துக்கு ஒரு டம்ளர் சோறு, இரண்டு டம்ளர் அளவுக்குக் காய், கீரை, கூடவே புரதம் ஒன்று: வறுக்காத மீன் இரண்டு துண்டு, அல்லது இரண்டு முட்டை, அல்லது கெட்டியான பருப்புக் கூட்டு ஒரு கிண்ணம். பொரியலையும் கூட்டையும் முதலில் பாதி சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கை வைத்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். பைசா செலவில்லாத மாற்றம் இது. உருளை, சேனை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் சோற்றுக் கணக்கில் சேரும், காய்க்கணக்கில் இல்லை.

சிறுதானியம் பற்றிக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். வரகு, சாமை, குதிரைவாலியில் நார்ச்சத்து கூடுதல்தான், நல்லதும்தான். ஆனால் மாவுச்சத்து அரிசியைவிட ரொம்பக் குறைவு இல்லை. அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு 'தினை சாதம்தானே' என்றால் எடை இறங்காது. கேழ்வரகும் அப்படித்தான். களியாக உருட்டிச் சாப்பிடுவது ஒன்று, நைசாக அரைத்துக் கூழாகக் கரைத்துக் குடிப்பது வேறு. குடித்தது விரைவாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும், பசியும் சீக்கிரம் வரும்.

ராத்திரித் தோசைக்குப் பதில் வாரத்தில் மூன்று நாள் அடை போடுங்கள். இட்லி அரிசி ஒரு டம்ளர், கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, பச்சைப்பயறு ஒவ்வொன்றும் அரை டம்ளர், உளுந்து கால் டம்ளர். மூன்று மணி நேரம் ஊறினால் போதும். ஆறு வரமிளகாய், பெருங்காயம், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக ஆட்டி, முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி கலந்துகொள்ளுங்கள். புளிக்க வைக்க வேண்டாம். வெளியில் வைத்தால் பருப்பு மாவு சீக்கிரம் புளித்துப்போகும், ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள். நடுவில் ஓட்டை போட்டு, மூடி வைத்து, மெல்லிய தீயில் வேகவிட்டால் அடைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சை வாசம் அடிக்கும். அதைச் சரிசெய்யத்தான் எண்ணெயைச் சுற்றிலும் ஊற்றத் தோன்றும். ஒரு அடையில் ஏறக்குறைய 5 கிராம் புரதம் கிடைக்கும், சாதாரணத் தோசையைப்போல் இரண்டு மடங்கு. இரண்டு அடை போதும். தொட்டுக்கொள்ள வெல்லம் வேண்டாம், அவியலோ தக்காளிச் சட்னியோ வைத்துக்கொள்ளலாம்.

சாயங்காலத்துக்குச் சுண்டல். ஊறவைக்காத கொண்டைக்கடலை 40 கிராம், அதாவது ஒரு கைப்பிடி, 8 கிராம் புரதம் தரும். வாயு பிடிக்கிறது என்று விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் அரைகுறையாக ஊறவைத்தவர்கள். பத்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். முதல் வாரம் பாதி அளவில் தொடங்குங்கள், வயிறு பழகும்.

எண்ணெய்தான் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போவது. ஒரு டீஸ்பூன் 45 கலோரி. செக்கு எண்ணெயோ ரீஃபைண்டோ கலோரி ஒன்றுதான். ஆளுக்கு நாளைக்கு 20 கிராம் என்று வைத்தால், நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் இரண்டரை லிட்டர் வரும். உங்கள் மளிகைச் சீட்டில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று பாருங்கள். ஐந்து என்றிருந்தால், சோற்றைக் குறைத்தும் எடை ஏன் இறங்கவில்லை என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். பொரியலில் தேங்காய் ஒரு டேபிள்ஸ்பூனோடு நிறுத்தினால் ருசி கெடாது.

இனிப்பில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றிக்கொள்வதால் இன்சுலினுக்கு வித்தியாசம் தெரியாது. மூன்று டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் நாளைக்கு 30 கிராம் சர்க்கரை. வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்து வந்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

உளுந்தங்களி பற்றிச் சொல்லத் தயங்கினாலும் சொல்லத்தான் வேண்டும். வயதுக்கு வந்த பிள்ளைக்கு இடுப்பு பலம் வரட்டும் என்று பாட்டிமார் ஆசையோடு கிண்டிக் கொடுப்பது. உளுந்து அருமையான பருப்பு. ஆனால் 50 கிராம் மாவுக்கு 50 கிராம் கருப்பட்டியும் இரண்டு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயும் விட்டால் அந்த ஒரு உருண்டையே 600 கலோரி. நீர்க்கட்டி உள்ள பிள்ளைக்கு அதைத் தினமும் கொடுத்தால் நினைத்ததற்கு நேர்மாறாக நடக்கும். எண்ணெயை ஒரு டீஸ்பூனாக்கி, கருப்பட்டியை ருசிக்கு மட்டும் போட்டு, வாரம் ஒருமுறை கொடுங்கள். அல்லது அதே உளுந்தை அடையில் கூட்டிவிடுங்கள்.

உடற்பயிற்சியில் நடை மட்டும் போதாது. வாரம் 150 நிமிஷமாவது வேக நடை, எடை இறங்க வேண்டுமென்றால் 250 நிமிஷம். பேசமுடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகத்தின் அளவு. அதோடு இடைவெளி விட்டு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை. நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 தடவை, சுவரில் கைவைத்துத் தண்டால் 10, ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கி இறக்குவது 10. இதை மூன்று சுற்று. சர்க்கரையை வாங்கிச் செலவழிப்பது தசைதான். எடை இறங்காத வாரங்களிலும் இன்சுலினுக்கு இந்தப் பயிற்சி உதவும்.

எடையைத் தினமும் பார்க்காதீர்கள். மாதவிடாய்க்கு முன்னால் நீர் கோத்தே ஒரு கிலோ கூடும். வாரம் ஒருநாள், காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில் பாருங்கள். மாதம் ஒருமுறை இடுப்பளவு: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் டேப் வையுங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். மூன்றாவது மாதம் எடை நின்றுபோவது சகஜம். இளைத்த உடம்புக்குக் கலோரிச் செலவு குறைவு, கூடவே தட்டில் போடும் அளவும் மெல்லக் கூடியிருக்கும். மறுபடி ஒரு வாரம் டம்ளரை எடுத்து அளந்தால் தெரிந்துவிடும். ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர்கள் எடையைக் குறைக்கவே கூடாது. அவர்களுக்கு அளவான மாவுச்சத்தும் தசைப்பயிற்சியும் போதும்.

இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரை எழுதித் தந்திருந்தால் சாப்பாட்டோடு போடுங்கள். வயிற்றுப்போக்கு, குமட்டல் வந்தால் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் போடுகிறவர்கள் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹார்மோன் மாத்திரையால் மாதாமாதம் ரத்தம் படுவது நோய் தீர்ந்ததன் அடையாளம் இல்லை. ஆனால் அந்த மாத்திரையும் போடாமல், 90 நாளைத் தாண்டியும் மாதவிடாய் வராமலிருந்தால் சும்மா விடக்கூடாது, கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். இன்னொன்று: எடை இறங்கும்போது, மாதவிடாய் ஒழுங்காவதற்கு முன்பே முட்டை வெளிவரலாம். 'எனக்குத்தான் நீர்க்கட்டியாச்சே' என்று நினைத்துக் கருத்தடையை விட்டவர்களுக்குக் கர்ப்பம் தரித்துவிடலாம்.

விசேஷ வீடுகளில் 'என்ன இப்படிக் குண்டாயிட்ட' என்று கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து கேட்காதீர்கள். இந்த நோயோடு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் வருகிறது. பகலெல்லாம் சாப்பிடாமல் இருந்துவிட்டு ராத்திரியில் கட்டுப்பாடில்லாமல் ஒளித்துச் சாப்பிடும் பழக்கம் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு டயட் போடக்கூடாது. முதலில் மனநல உதவி, அப்புறம்தான் தட்டு.

சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகும்போது வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பலருக்கு அது நார்மலாகவே இருக்கும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பதில்தான் கோளாறு தெரியும். 140-க்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 200 தொட்டால் சர்க்கரை நோய். ஒன்று முதல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சர்க்கரை இருந்தால் வருஷா வருஷம், எடை எப்படி இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.