வால்சிங்கம் மாதாவிடம், ஆறு பிள்ளைகளை எண்ணிக்கொண்டு

இங்கிலாந்தில் இருக்கும் தமிழர்களுக்கு, நோர்ஃபோக் பகுதியில் உள்ள மாதா திருத்தலமான வால்சிங்கத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்லத் தேவையில்லை. கோடை வந்தால் தமிழர் யாத்திரை. நோர்ஃபோக்கின் ஒடுங்கிய பாதைகளில் கோச்சும் வானும் வரிசை கட்டும். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவக் குடும்பங்களும் மாதாவுக்கு நேர்த்தி வைத்து வருவார்கள். இலங்கையில் மடு மாதாவிடம் நடந்து போய் வளர்ந்த தலைமுறைக்கு இந்த நாட்டில் கிடைத்த ஆறுதல் அது. நானும் போயிருக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் மாதாவை நான் பார்த்ததெல்லாம் மற்றவர்களின் தலைகளுக்கு மேலால்தான். சிற்றாலயத்துக்குள் நுழைவேன், சிலுவை போடுவேன், பின்னால் நிற்பவர்களுக்கு இடம்விட்டு வெளியே வந்துவிடுவேன்.

இந்த மே மாதம் மகளின் பள்ளியோடு போனபோதுதான் அந்த இடத்தை ஆற அமரப் பார்த்தேன். ஆற அமர என்று சொல்வதும் கொஞ்சம் அதிகம்தான். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுடன் போனால் ஆறு பேருக்கு ஒரு பெரியவர் என்று கணக்கு. என் பங்குக்கு வந்த ஆறு தலைகளையும் நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருந்தேன்.

நேர்சரியும் ஆரம்பப் பள்ளியும் சேர்ந்த கத்தோலிக்கப் பள்ளி அது. மூன்று வயதில் உள்ளே போகும் பிள்ளை பதினொரு வயதில் வெளியே வரும். மே மாதா மாதம், அதனால் பூமுடி சூட்டும் பவனி உண்டு. மே நடுவில்தான் கடைசி வகுப்பான இயர் 6 பிள்ளைகளுக்கு, நாடு முழுக்க நடக்கும் சாட்ஸ் பரீட்சையும் வரும், திங்கள் முதல் வியாழன் வரை. அந்த வார முடிவில் என் மகளின் வகுப்பான இயர் 3 பிள்ளைகளுக்கு முதல் நன்மை, அதாவது பூசையில் முதல் தடவையாக நற்கருணை வாங்கும் நாள். இத்தனைக்கும் நடுவே வியாழக்கிழமை வால்சிங்கம். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது உண்மை. முதல் நன்மைக்கு முன்னால் பிள்ளைகள் ஒரு யாத்திரை போய் வரவேண்டும் என்பதில் தலைமை ஆசிரியை உறுதியாக இருந்தார். என்னைக் கேட்டால் அவர் சொன்னதுதான் சரி. வேலையெல்லாம் முடிந்த பிறகு மாதாவிடம் போகலாம் என்று இருந்தால் எந்த வீட்டிலும் எந்தப் பள்ளியிலும் யாரும் போகமாட்டார்கள்.

திங்கட்கிழமைப் பவனி வேகமாக முடிந்தது. மண்டபத்தில் பரீட்சை நடந்ததால் வராந்தா முழுக்க ‘அமைதி’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகள் வாய்க்குள் பாடிக்கொண்டு விளையாட்டுத் திடலுக்குப் போனார்கள். பூமுடி சுரூபத்தின் தலைக்குப் பெரிதாகிவிட்டது. அது மாதாவின் கண்ணை மறைக்க மறைக்க, றிசெப்ஷன் வகுப்புக் குட்டி ஒன்று ஓடி ஓடிப் போய் மேலே தள்ளிவிட்டது.

செவ்வாய்க்கிழமை நேர்சரியின் நாள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளை அவ்வளவு தூரம் கோச்சில் கொண்டுபோக முடியாது. அதனால் அவர்களுடைய டீச்சர் வால்சிங்கத்தைப் பள்ளிக்கே கொண்டுவந்துவிட்டார். 1061இல் ரிச்செல்டிஸ் என்ற சீமாட்டிக்கு மாதா காட்சி கொடுத்து, நாசரேத்தில் கபிரியேல் தூதர் வந்து வாழ்த்துச் சொன்ன வீட்டைக் காட்டி, அதேபோல ஒன்றை இங்கே கட்டச் சொன்னதாக வரலாறு. வால்சிங்கத்தின் தொடக்கமே அந்தச் சின்ன வீடுதான். நேர்சரிப் பிள்ளைகள் அதை அட்டைப் பெட்டிகளால் கட்டினார்கள். பழுப்பு வண்ணம் பூசினார்கள். ஜன்னல் வேண்டும் என்று ஒருவன் அடம்பிடித்ததால் வெட்டிய ஜன்னல் ஒன்று, கூரைக்குப் பக்கத்தில் கோணலாக இருந்தது.

பழைய காலத்து யாத்திரிகர்கள் கடைசி ஒரு மைலைச் சப்பாத்தில்லாமல் நடந்தார்கள் என்று டீச்சர் சொன்னதும், பிள்ளைகளும் கழற்றினார்கள். திடலை ஒரு சுற்றுச் சுற்றி அந்த அட்டை வீட்டுக்குப் போகவேண்டும். கழற்றுவதற்கு எடுத்த நேரம் அரை நிமிடம். நடை அழகாக இருந்தது. கையில் காகிதப் பூ, முகத்தில் பெரிய மனிதத் தோரணை. வீட்டுக்கு முன்னால் போன முதல் பிள்ளை கதவைத் தட்டியது. யாரும் திறக்கவில்லை. “மாதா வீட்டில் இல்லையா?” என்று கேட்டது. பின்னால் நின்ற பிள்ளை, “கடைக்குப் போயிருப்பா, இப்ப வந்திடுவா” என்றது. யாரும் திருத்தவில்லை. வரிசை அப்படியே நின்று காத்திருந்தது. கடைசியில் டீச்சர் உள்ளே கையை விட்டு மாதாவின் சின்னச் சுரூபத்தை ஜன்னலில் வைத்தார். எல்லோரும் கையசைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் துன்பம். ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரிக் கறுப்புச் சப்பாத்துகள் ஒரு குவியலாகக் கிடந்தன. உள்ளே பெயர் ஒட்டி அனுப்புங்கள் என்று பள்ளி கடிதம் எழுதுவது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. உதவிக்கு வந்த பெற்றோர் எல்லோரும் முழங்காலில் இருந்தோம். பக்கத்தில் இருந்த தகப்பன் ஒருவர், “கோயிலில்கூட நான் இவ்வளவு நேரம் முழங்காலில் இருந்ததில்லை” என்றார்.

புதன் முதல் நன்மை ஒத்திகை. பூசையில் அர்ச்சிக்கப்படாத அப்பத்தைச் சுவை பழகுவதற்காகக் கொடுத்தார்கள். காகிதம் போல இருக்கிறது என்பது பொதுக் கருத்து.

வியாழன் காலை கோச் புறப்பட்டது. மருந்துப் பை, ஒவ்வாமைக்கான எப்பிபென் ஊசி, வாந்திக்கு வாளி, மஞ்சள் மேலங்கி, கொட்டைப் பண்டம் இல்லாத சாப்பாட்டுப் பெட்டிகள். என் ஆறு பேரில் மகள் ஒருத்தி. ஒரு போலந்துப் பையன், ஒரு மலையாளப் பிள்ளை, நைஜீரியக் குடும்பத்து இரட்டையர், அப்புறம் நம் தமிழ்ச் சைவக் குடும்பத்துப் பையன் ஒருவன். அவனுக்கு முதல் நன்மை கிடையாது. ஆனாலும் வால்சிங்கத்துக்குப் போகாமல் இருக்கமாட்டேன் என்று வந்திருந்தான். சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் ஒன்று வைத்திருந்தான். அம்மா எழுதியது, மாதா மட்டும்தான் வாசிக்கலாம் என்று என்னை முன்கூட்டியே எச்சரித்துவிட்டான்.

கத்தோலிக்கத் திருத்தலம் வால்சிங்கம் ஊருக்குள் இல்லை. ஒரு மைல் முன்னால், ஹௌட்டன் செயின்ட் கைல்ஸ் என்ற குக்கிராமத்தில் இருக்கிறது. ஸ்லிப்பர் சிற்றாலயம் என்று அழைக்கப்படும் இந்தக் கல் கோயில் 14ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் புனித கத்தரினாளின் பெயரில் கட்டப்பட்டது. யாத்திரிகர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடக்கத் தொடங்கிய இடம் இதுதான். ஒரு வகுப்புப் பிள்ளைகள் நெருக்கி நின்றால் நிறைந்துவிடும், அவ்வளவு சின்னது. கோடை யாத்திரையில் இதற்குள் நான் கால் வைத்த நேரத்தைக் கூட்டினாலும் சில நிமிடங்கள் தேறாது. அன்றைக்குப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தேன்.

மாதா அரியணையில் இருக்கிறா. மடியில் குழந்தை. வால்சிங்கத்தில் முன்பு இருந்த துறவு மடத்தின் முத்திரையில் இருந்த உருவத்தைப் பார்த்துச் செய்த சுரூபம், 1954இல் முடிசூட்டப்பட்டது. குழந்தையின் கையில் புத்தகம் இருப்பதை முதலில் கண்டவள் மலையாளப் பிள்ளை. “அவருக்கும் வாசிப்பு வீட்டுப்பாடம்” என்று எல்லோருக்கும் அறிவித்தாள். இதே சுரூபத்தை 1982இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் பூசை வைத்த வெம்ப்ளி மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று டீச்சர் சொன்னபோது போலந்துப் பையன் எழுந்து நின்றுவிட்டான். பாப்பரசர் போலந்துக்காரர், போனது வெம்ப்ளி. அவனுக்கு அதற்கு மேல் ஒரு மாதா தேவைப்படவில்லை.

டீச்சர் வரலாற்றைச் சுருக்கமாகத்தான் சொன்னார். பிள்ளைகள் விடவில்லை. எட்டாம் ஹென்றி 1511இல் தானே யாத்திரையாக இங்கே வந்தவர். அதே ஹென்றியின் ஆட்சியில் 1538இல் மடம் மூடப்பட்டது. மாதாவின் பழைய சுரூபம் லண்டனுக்குக் கொண்டுபோய் எரிக்கப்பட்டது. “பிறகு மன்னிப்புக் கேட்டாரா?” என்று இரட்டையரில் ஒருத்தி கேட்டாள். டீச்சர் பதில் சொல்லாமல், ஹென்றியின் முதல் மனைவி கத்தரினைப் பற்றிச் சொன்னார். அரண்மனையிலிருந்து ஒதுக்கப்பட்டு 1536இல் இறந்த அந்த அரசி, தனக்காக யாராவது வால்சிங்கத்துக்கு யாத்திரை போகவேண்டும், வழியில் தர்மம் கொடுக்கவேண்டும் என்று கடைசி விருப்பமாக எழுதி வைத்திருந்தார். நம் பையன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மடம் அழிந்த பிறகு இந்தச் சிற்றாலயம் ஏழைகள் தங்கும் இடமாக, கொல்லன் பட்டறையாக, மாட்டுத் தொழுவமாக எல்லாம் இருந்திருக்கிறது. 1896இல் ஷார்லட் பாய்ட் என்ற பெண்மணி விலைக்கு வாங்கித் திருச்சபைக்குக் கொடுத்தார். 1934இல் கர்தினால் போர்ன் ஆயிரக்கணக்கானவர்களோடு வந்து, இதை நாட்டின் மாதா திருத்தலமாக்கினார். மாட்டுத் தொழுவமாக இருந்ததைக் கேட்டுப் பெரியவர்கள் நாங்கள் முகம் சுளித்தோம். பிள்ளைகளுக்கு அது நல்ல செய்தி. “அப்படியென்றால் இயேசுவுக்குப் பழக்கமான இடம்தான்” என்றாள் என் மகள். எந்த மூலையில் மாடு படுத்திருக்கும் என்பதில் ஒரு சண்டையே நடந்தது.

பள்ளியிலிருந்து கொண்டுபோன கூடையில் பிள்ளைகள் விண்ணப்பங்களைப் போட்டார்கள். நம் பையனும் மடிப்புக் குலையாமல் போட்டான். பிறகு ஒரு அடி பின்னால் வந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக் கும்பிட்டான். மற்றப் பிள்ளைகள் அவனைப் பார்த்தார்கள். இரட்டையர் இருவரும் உடனே கையைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் வரிசையில் பாதிப் பேர் அப்படித்தான் கும்பிட்டார்கள்.

நண்பகல் பூசை பெரிய ஆலயத்தில். வெளியிலிருந்து பார்த்தால் நோர்ஃபோக் தானியக் களஞ்சியம் போல இருக்கும். பெருங்கூட்டம் வரும் நாட்களில் பீடத்துக்குப் பின்னால் உள்ள பெரிய கதவுகளைத் திறந்தால் புல்வெளியில் நிற்பவர்களும் பூசை காணலாம். நான் அதுவரை அந்தப் புல்வெளிப் பக்கத்து ஆள். திருத்தலத்துக்கு 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் பசிலிக்கா தகுதி கொடுத்தார்.

சாப்பாட்டுக்குப் பின் சிலுவைப் பாதை. வளவில் நிற்கும் மரச் சிலுவைகள் 1948இல் நாட்டின் பல பக்கங்களிலிருந்து ஆண்கள் தோளில் சுமந்து நடந்து கொண்டுவந்தவை. இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது, சமாதானத்துக்காக நடந்தார்கள். அந்தக் கட்டையின் தடிப்பைப் பார்த்தபோது, சாப்பாட்டுப் பை பாரமாக இருக்கிறது என்று கோச்சிலிருந்து முறையிட்டு வந்தவர்கள் கொஞ்சம் அடங்கினார்கள். முழுவதும் அல்ல.

பிறகு அந்த ஒரு மைல். ரோட்டில் வாகனம் வரும் என்பதால் பழைய ரயில் பாதை வழியாகப் போனோம். 1964இல் பயணிகள் ரயில் நின்றுபோன தடம், இப்போது நடைபாதை. செபமாலையின் பத்து மணிகள் சேர்ந்த ஒவ்வொரு காரணிக்கத்துக்கும் ஆள் மாறிச் சொல்லவேண்டும் என்பது திட்டம். ‘அருள் நிறைந்த மரியே’யை ஒருவன் ரயில் ஓடும் தாளத்தில் சொல்லத் தொடங்கினான். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்தார். செபம் செபம்தானே என்று நினைத்தாரோ என்னவோ, விட்டுவிட்டார். இரண்டாம் காரணிக்கத்தில் போலந்துப் பையனுக்கு நெட்டில் செடி காலில் உரசிச் சுள்ளென்று கடித்தது. ‘டொக்’ இலை தேடினோம், தேய்த்தோம், அழுகை நின்றது. அதற்குள் எண்ணிக்கை தவறிவிட்டதால் அந்தக் காரணிக்கம் பதினைந்து மணி வரை போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஊருக்குள் மடத்தில் மிஞ்சியிருப்பது, முக்கியமாக, கிழக்கு ஜன்னல் இருந்த பிரமாண்டமான கல் வளைவு. சுவர் இல்லை, கூரை இல்லை, வளைவு மட்டும் ஆகாயத்துக்கு நடுவே நிற்கிறது. புனித வீடு இருந்த இடத்தைப் புல்லில் அடையாளம் வைத்திருக்கிறார்கள். சப்பாத்தைக் கழற்றலாமா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு டீச்சர் அங்கேதான் அனுமதி கொடுத்தார். மழை விட்ட புல், குளிர். முதல் காலை வைத்ததும் கத்தினார்கள், இரண்டாவது காலை வைத்ததும் சிரித்தார்கள். அப்புறம் ஓடினார்கள். யாத்திரையில் ஓடலாமா என்று ஒரு தாய் கேட்டார். நானும் காலணியைக் கழற்றிவிட்டிருந்ததால் என்னிடம் கேட்டுப் பிரயோசனம் இருக்கவில்லை.

திரும்பும் வழியில் பெரும்பாலானோர் தூங்கிவிட்டார்கள். சாட்ஸின் கடைசிப் பரீட்சை முடிந்த இயர் 6 பிள்ளைகள் திடலில் நின்று கோச்சுக்குக் கையசைத்தார்கள். அவர்களும் மூன்று வருடத்துக்கு முன் இதே பயணம் போனவர்கள்.

சனிக்கிழமை முதல் நன்மைக்கு நம் சைவப் பையனும் அம்மாவோடு வந்து பின்வரிசையில் இருந்தான். என் மகள் நன்மை எடுத்துவிட்டு வந்து, கைகூப்பி, கண்ணை மூடி இருந்தாள். பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்ததும் என் காதுக்குள், “அம்மா, தமிழ் யாத்திரைக்கு அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போவமா? அவவால அந்த ஒரு மைல் நடக்க ஏலுமா?” என்று கேட்டாள்.

நடக்க ஏலாது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். ரயில் பாதையில் சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. தள்ளுவதற்கு மகள் தன் பெயரைக் கொடுத்திருக்கிறாள். கோச்சில் நான்கு இடங்களுக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.