மோதலுக்கு ஒரு மாருதி 800

அமெரிக்கக் கிராமப்புறக் கண்காட்சிகளில் பழைய வண்டிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, கடைசிவரை நகரக்கூடிய நிலையில் இருக்கும் வண்டிக்கு வெற்றி கொடுக்கும் டெமாலிஷன் டெர்பியின் காணொளிகளை என் அக்காள் மகன்தான் முதலில் எங்கள் காட்பாடிப் பட்டறைக்குக் கொண்டுவந்து காட்டினான். சுற்றுவட்டாரத்தில் பட்டறை வைத்திருக்கும் நான்கு நண்பர்கள் சேர்ந்து, எடைக்குப் போகவிருந்த வண்டிகளைக் கொண்டு, அணைக்கட்டு என்ற ஊரின் பக்கத்தில் என் மாமாவுக்குச் சொந்தமான, மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கிய கொல்லையில், எங்களுக்குள் மட்டும் ஒரு மோதல் வைத்துப் பார்ப்பது என்று மாசி மாதத்தில் முடிவு செய்தோம். நான் எடுத்துக்கொண்டது கார்புரேட்டர் வைத்த ஒரு மாருதி 800. அதன் இரண்டு அச்சுகளுக்கும் இடைப்பட்ட நீளம் 2175 மில்லிமீட்டர்தான். அங்கே சிறிய வண்டிகளின் பிரிவில் இறங்கும் வண்டிகளைவிடவும் இது சிறியது. ஆகவே அவர்கள் செய்வதை அப்படியே பார்த்துச் செய்ய முடியாது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

முதல் நாள் செய்த வேலை பெட்ரோல் டேங்கைக் கழற்றியதுதான். கிரைண்டரையோ வெல்டிங் ராடையோ கையில் எடுப்பதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். பெட்ரோலை வடித்துவிட்டோம், டேங்க் காலிதானே என்று எண்ணி அதன் அருகில் பொறி பறக்கவிடுவது பெருந்தவறு. நிறைந்த டேங்கைவிட, ஆவி மட்டும் தங்கியிருக்கும் காலி டேங்கே எளிதில் வெடிக்கும். டேங்கைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்கினோம்.

கண்ணாடி எடுப்பதற்கு ஒரு நாள் முழுவதும் ஆனது. முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே மெல்லிய படலம் வைத்து ஒட்டியது என்பதால், ரப்பர் பீடிங்கைக் கத்தியால் சுற்றிலும் அறுத்து உள்ளிருந்து காலால் மெதுவாக அழுத்தியதும் முழுதாகக் கழன்று வந்தது. பின்கண்ணாடி அப்படி வரவில்லை. பிடித்துத் தூக்கும்போது கை நழுவி, ஒரே சத்தத்தில் கல்கண்டுபோல் நொறுங்கிக் கொட்டியது; அதில் பாதி, இருக்கைக்குப் பின்னால் இருக்கும் தகட்டு இடுக்குகளுக்குள் இறங்கிவிட்டது. அடி விழும்போது அந்தத் துகள்கள் ஓட்டுபவரின் முகத்தை நோக்கித்தான் பறக்கும் என்பதால், வண்டியின் மூக்கை ஜாக்கியால் உயர்த்தி, பக்கவாட்டில் ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டி, காற்றுக் குழாயால் ஊதி, அக்காள் மகன் ஒவ்வொரு மூலையாக விளக்கடித்துப் பார்த்தான். இரவு எட்டு மணிக்கும் ஒரு பிடி கண்ணாடி வந்துகொண்டிருந்தது.

இதற்குப் பிறகுதான் நான் தவறான வழியில் போனேன். வண்டி எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணத்தில், டிக்கித் தளத்தின் இரண்டு பக்கச் சட்டங்களோடும் ஆங்கிள் வைத்துப் பற்றவைக்கத் தொடங்கியிருந்தேன். ராணிப்பேட்டை பெல் ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் தெருப் பெரியவர் ஒருவரை, நாங்கள் பெரியப்பா என்றுதான் அழைப்போம், என் வெல்டிங்கைப் பார்த்துச் சொல்லும்படி கூப்பிட்டிருந்தேன். அவர் வெல்டிங்கைக் குறை சொல்லவில்லை, ஆங்கிளைத்தான் பார்த்தார்.

"எல்லாத்தையும் இறுக்கிட்டா அடி எங்கப்பா போவும்? உள்ள உக்காந்திருக்கிறவன்கிட்டதான் வரும்" என்றார்.

அவர் சொன்னதை அன்று இரவு முழுவதும் யோசித்தேன். மாருதி 800-க்கு லாரியைப் போல் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளை மடித்துப் புள்ளிப் புள்ளியாக வெல்டு செய்து கட்டிய ஒரே கூடு அது. பின்பக்கத்தை மடங்கவிடாமல் செய்தால் மோதலின் விசை தளத்தின் வழியாக நடுத்தூணுக்கு வந்து, கூரையையும் கதவையும்தான் நெளிக்கும். மறுநாள் ஆங்கிள்களை வெட்டி எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, பின்சட்டங்களின் மேல் விளிம்பில் மட்டும், பின்சக்கரத்துக்குப் பின்னால், முக்கோணமாக ஒரு வெட்டுக் கொடுத்தோம். மேல்பக்கம் பலவீனமாக இருந்தால் டிக்கி மேல்நோக்கி மடங்கும். கீழ்நோக்கி மடங்கினால் தகடு டயரில் போய்ச் சிக்கி, என்ஜின் நன்றாக இருந்தும் வண்டி நின்றுவிடும்.

உறுதியாக்கியது ஓட்டுபவர் இருக்கும் இடத்தை மட்டுமே. இருக்கைக்குப் பின்னால் ஒரு தூணிலிருந்து மறு தூணுக்கும், ஓட்டுநர் கதவின் உட்புறத்திலும், இரண்டு அங்குல சி கிளாஸ், அதாவது தடித்த சுவருள்ள, பைப் வைத்து, தகடு கிழியாமலிருக்க ஒவ்வொரு முனையிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கனமான பிளேட் வைத்துப் பற்றவைத்தோம். கறுப்புப் பைப்பைத்தான் வாங்க வேண்டும். துத்தநாகப் பூச்சு உள்ள ஜிஐ பைப்பைப் பற்றவைத்தால் எழும் புகை குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். கதவுகள் நான்கையும் விளிம்பில் வெல்டு செய்து மூடியதால் ஏறுவதும் இறங்குவதும் ஜன்னல் வழியாகத்தான். ஓட்டுநர் கதவில் யாரும் இடிக்கக் கூடாது என்பது டெர்பியின் அடிப்படை விதி. அந்தக் கதவுக்கு மட்டும் வெள்ளை வண்ணம் அடித்தோம்.

ஐந்து லிட்டர் கொள்ளும் இரும்பு டேங்க் ஒன்றைச் செய்து, தண்ணீர் நிரப்பி ஒழுக்குப் பார்த்து, பின்னிருக்கை இருந்த இடத்தின் நடுவில் இரண்டு இரும்புப் பட்டைகளால் இறுக்கினோம். பேட்டரி இடப்பக்கக் கால்வைக்கும் இடத்துக்கு வந்து, ரப்பர் விரிப்பால் மூடப்பட்டது. தீப்பிடித்தால் அணைப்பானின் வாயை உள்ளே விட வசதியாக, பானெட்டின் நடுவில் ஒரு சாண் அகலத்துக்குத் துளை வெட்டினோம். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான்.

இந்த வண்டியில் என்ஜின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், இழுக்கும் சக்கரங்கள் அனைத்தும் முன்னால் இருப்பதால், ரிவர்ஸில் போய்ப் பின்பக்கத்தால்தான் இடிக்க வேண்டும். நம் பக்கத்து மாடு விடும் திருவிழாவில் போடுவதைப் போலவே இரட்டைத் தடுப்புக் கட்டி, வந்திருந்த சிலரையும் அதற்கு வெளியே நிறுத்தினோம். தடுப்பின் இரண்டு முனைகளிலும் தீயணைப்பானோடு ஆள் இருந்தார்கள். நான் ஹெல்மெட்டும் நான்கு முனைப் பெல்ட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஏழெட்டு இடி வரை எல்லாம் நினைத்தபடி நடந்தது. பிறகு ஒரு பழைய அம்பாசிடர் என் இடது முன்சக்கரத்தில் பக்கவாட்டாக இடித்ததில், ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடு வளைந்து, ஒரு சக்கரம் வடக்கேயும் ஒன்று கிழக்கேயும் பார்த்தன. அத்தோடு என் ஆட்டம் முடிந்தது. டை ராடின் மேல் ஒரு பைப்பை உறைபோல் மாட்டியிருந்தால் இன்னும் சிறிது நேரம் தாங்கியிருக்கும். பின்பக்கத்துக்குக் கொடுத்த கவனத்தில் அதை விட்டுவிட்டேன்.

மோதல் முடிந்ததும் பெரியப்பா டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். டிக்கி நாங்கள் வெட்டிய அதே இடத்தில் மடிந்து, கூரை விளிம்பு வரை எழுந்து நின்றது. பின்டயர்கள் தடையில்லாமல் சுழன்றன. மோதல் தொடங்குமுன் கதவுப் பைப்புக்கும் இருக்கைக்கும் இடையே 18 சென்டிமீட்டர் இருந்ததைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தேன். இப்போதும் 18 என்றே அளந்து காட்டினார்.

பயன்பாட்டுக்கு உதவாமல் போன வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, ஆர்சி புத்தகத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த திங்கட்கிழமை காலையில் மனுவையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போனேன்.