வேலி அடைக்க முன்

யாழ்ப்பாணத்து வளவுகளில் குருவிக்கூடு அழிவது பெரும்பாலும் பொடியளின் கெட்டபோலால், அதாவது உண்டிவில்லால், அல்ல. வேலி அடைப்பு (பின்னிய தென்னோலையான கிடுகால் வேலியை மூடுதல்), ஆட்டுக்குக் குழை வெட்டுதல், மாரிக்கு முன் கொட்டில் வேய்தல் ஆகிய மூன்று வேலைகளால்தான். மூன்றுமே இரண்டு மூன்று கிழமை பொறுக்கக்கூடிய வேலைகள். தண்ணீர் வைப்பதையும் தானியம் போடுவதையும்விட, இந்தப் பொறுமைதான் பறவைக்குக் கூடுதலாக உதவுகிறது.

கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைக் கதியால்கள் (வேலிக்கு நட்டுத் துளிர்த்த தடிகள்) தழைத்து நிற்கும் வேலியில் முதலில் கூடு வைப்பது வாலடி சிவந்த கொண்டைக்குருவி. பெரும்பாலும் ஆள் உயரத்துக்குள், கவட்டில் கிண்ணம்போலக் கட்டும். அடைப்புக்கு முதல்நாள் விடியற்காலையில் ஐந்தாறு பாகம் (ஒரு பாகம் இரு கை விரித்த நீளம்) தள்ளி இருந்து அரைமணி நேரம் பார்த்தாலே நிலைமை விளங்கும். அலகில் தும்பும் வேரும் போனால் கூடு கட்டுகிறது. ஒரு பறவை உள்ளே போய் வெளியே வராமல் இருந்தால் அடைகாக்கிறது. புழுவும் பூச்சியுமாகப் போய்வந்தால் பொரித்தாயிற்று. இரண்டு மூன்று முட்டை. பொரிக்க 12 முதல் 14 நாள். பிறகு குஞ்சு கூட்டைவிட ஏறத்தாழ 12 நாள். ஆகப் புழு போவதைக் கண்டவர் அதிகம் போனால் இரண்டு கிழமை பொறுத்தால் சரி.

அதற்காக முழு வேலையையும் நிறுத்தத் தேவையில்லை. கூட்டுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு பாகம் விட்டு, மற்ற இடத்தில் வரிச்சுத் தடிகளைக் குறுக்கே கட்டிக் கிடுகை வைத்து அடைத்துக்கொண்டு போகலாம். விட்ட இடத்தில் நாயும் ஆடும் நுழையாமல் அடியில் பனைமட்டை இரண்டைக் குறுக்கே கட்டினால் போதும். அந்தத் துண்டுக்கு வேண்டிய கிடுகை அன்றே எண்ணி எடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு வேறு நிறத்துக் கிடுகு ஒட்டுப்போட்டதுபோல் நிற்கும், வீட்டுக்காரர் முகம் சுளிப்பார்.

இதில் வழமையாக நடக்கும் பிழை ஒன்று உண்டு. கூடிருக்கும் ஒரே ஒரு கொப்பை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள குழையை மொட்டையடிப்பார்கள். கூட்டைத் தொடவில்லை என்ற திருப்தி அவர்களுக்கு. ஆனால் தனித்து நிற்கும் அந்தக் குழைக்கட்டு காகத்துக்குக் கைகாட்டி. நிழலும் போய்விடும், உச்சி வெயிலில் இறகு முளைக்காத குஞ்சு தாங்காது. அடிக்கடி போய் எட்டிப் பார்ப்பதும் அதே கேடு. ஆள் எங்கே குனிகிறார் என்று காகம் பார்த்துக்கொண்டிருக்கும். காகம் மட்டுமல்ல, செம்பகமும் (செம்போத்து) கூட்டுக்குள் தலையை விட்டுக் குஞ்சை இழுக்கும். குஞ்சுக்கு இறகு வந்த கடைசி நாட்களில் கிட்டப் போகவே கூடாது. பறக்க இயலாத நிலையிலேயே வெளியே குதித்துவிடும்.

கொக்கத்தடியால் குழை இழுக்கும்போது கூட்டோடு கொப்பு வந்துவிட்டால், அதைக் கூட்டோடு சேர்த்தே பழைய உயரத்தில், பழைய இடத்துக்கு ஓரிரு அடிக்குள் நிமிர்த்திக் கட்ட வேண்டும். வெட்டிய இலை இரண்டு நாளில் வாடும் என்பதால் மேலே ஒரு கிடுகுத் துண்டை நிழலுக்குச் செருக வேண்டும். பிறகு எல்லோரும் விலக வேண்டும். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. விழுந்த குஞ்சை எடுத்துக் கூட்டில் வைக்கலாம். இறகு முளைத்துத் தத்தித் திரிவதை எடுத்து வளர்க்கத் தேவையில்லை. ஒரு கொப்பில் ஏற்றிவிட்டுப் பூனையைக் கட்டிப்போட்டால் தாய் பார்த்துக்கொள்ளும். வாயில் தண்ணீர் ஊற்றுவதுதான் ஆபத்து, மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

புலுனி எனும் தவிட்டுக்குருவியின் நீல முட்டைகளோடு சுடலைக்குயிலும் தன் நீல முட்டையை வைத்துவிட்டுப் போகும். பிறகு வேற்றுக் குஞ்சொன்றுக்குப் புலுனிக் கூட்டம் ஊட்டித் திரிவதைக் கண்டு அதை எடுத்தெறிய நினைப்பவர்கள் உண்டு. அந்த வழக்கைத் தீர்ப்பது நம் வேலையல்ல.

தேன்சிட்டு வீட்டுக்கு இன்னும் கிட்ட வரும். விறாந்தைக் கம்பியிலும் உடுப்புக் கொடியிலும் பைபோலத் தொங்கும் அதன் கூட்டை நாரும் சருகும் கொண்டு, சிலந்திவலையால் பிணைத்துக் கட்டுவது பெண்பறவை. இறவாணத்து (கூரைத் தாழ்வாரத்து) ஒட்டறையை ஒன்று விடாமல் அடிக்கும் வீட்டில் அதற்குப் பசை கிடைக்காது. கொடியில் கூடு வந்தால் உடுப்புக்கு வேறு கொடி கட்டுவது சுலபம். கூட்டோடு கொடியை இடம் மாற்றினால் அது பெரும்பாலும் திரும்பி வராது.

சிட்டுக்குருவி கூடு வைக்க மண்முட்டி கட்டுவோர் வாயை அப்படியே திறந்து விடுகிறார்கள். மைனா புகுந்துவிடும். வாயைப் பலகையால் மூடி, 3 முதல் 3.5 சென்ரிமீற்றர் அகலத் துளை போட்டால் குருவி மட்டுமே நுழையும். துளைக்குக் கீழே குந்துதடி வேண்டாம். குருவிக்கு அது தேவையில்லை, காகத்துக்குத்தான் வசதி. அடியில் தண்ணீர் வடிய இரண்டு சிறு ஓட்டைகள் வேண்டும். தகரக் கூரைக்கு நேர் கீழே கட்டினால் முட்டி அடுப்பாகிவிடும். ஓட்டுக்கூரையின் இறவாணம் நல்லது. மின்விசிறி சுழலும் அறைக்குள் கட்டவே கூடாது.

வெங்காயத் தோட்டத்துக்காரருக்கு ஆட்காட்டிதான் சிக்கல். வெறுந்தரையில், மண்ணோடு மண்ணாகத் தெரியும் நான்கு முட்டைகள். பொரிக்க ஏறத்தாழ நான்கு கிழமை. முட்டைக்குப் பக்கத்திலேயே தடி நட்டால் அது காகத்துக்கும் அடையாளம். நாலடி தள்ளி இரு பக்கமும் ஒவ்வொரு கல் வைத்தால் மண்வெட்டி பிடிப்பவருக்குப் போதும். இறைக்கும்போது அந்தப் பாத்திக்கு மட்டும் வரம்பை ஒரு சாண் உயர்த்தித் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். பொரித்த குஞ்சுகள் ஒரு நாளுக்குள்ளேயே தாயோடு ஓடத் தொடங்கிவிடும். மறுநாளே பாத்தியைக் கொத்தலாம்.