காளான் எழுத்து

எங்க லைன் வீட்டுல கடைசி ரூம் பையன் ஒரிசாவுல மயூர்பஞ்ச் பக்கமுங்க, பனியன் கம்பெனில செக்கிங் வேலை, பள்ளிக்கூடம் போகாத எங்கம்மா அவனையும் சேர்த்து ஹிந்திக்கார பசங்கன்னுதான் சொல்லும், நானும் அப்படியேதான் நெனச்சிட்டிருந்தேன். போன சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு வாடகை குடுக்க வந்தான், ஃபோன்ல ஒரு மெசேஜ், எழுத்து ஹிந்தியும் இல்ல ஒடியாவும் இல்ல, வட்டமும் கொக்கியுமா இருக்குது. என்றா இதுன்னேன். "சந்தாலி அக்கா, ஓல் சிக்கி"ன்னான். சந்தாலிங்கறது சந்தால் பழங்குடி சனங்க பேசற மொழி, ஓல் சிக்கி அதோட எழுத்து.

அப்புறம் ராத்திரி பூரா நெட்டுல படிச்சேன். அந்த எழுத்த உண்டாக்குனது பண்டித் ரகுநாத் முர்மு, 1905ல மயூர்பஞ்ச்ல ராய்ரங்பூர் பக்கம் பொறந்தவரு, வாத்தியாரு. பள்ளிக்கூடத்துல எல்லாமே ஒடியா, வீட்டுல பேசறது சந்தாலி. அந்த பேச்சுல சில சத்தம் தொண்டையிலயே நின்னுருமாம், பக்கத்து மொழி எழுத்துல அது அடங்கல. அதுவுமில்லாம பெங்கால்ல இருக்கறவங்க பெங்காலி எழுத்து, பீகார் பக்கம் தேவநாகரி, பாதிரிமாருங்க ரோமன்னு ஆளுக்கொரு எழுத்துல எழுதிட்டிருந்தாங்க, கோபிக்காரன் போட்ட லெட்டர பல்லடத்துக்காரன் படிக்க முடியலைன்னா எப்படி இருக்கும், அப்படி. 1925ல தானே 30 எழுத்து உண்டாக்கிட்டாரு. அப்ப அவருக்கு வயசு இருபதுங்க!

மறுநாள் பையன் என்ற டைரில எழுதிக் காட்டுனான், எழுத்துங்க ஒண்ணொண்ணும் ஏதோ ஒண்ணோட படம் மாதிரியாம். 'இர்'னா அருவா புடிச்சு கதிர் அறுக்கறது, 'இஸ்' ஏரு, 'உத்' காளான், இன்னொண்ணு பறக்கற தேனீ. காளான்னு சொன்னதுக்கப்புறம் பார்த்தா காளானாத்தான் தெரியுது, தேனீ மட்டும் எனக்கு புடிபடவே இல்ல.

1942ல முர்மு பிது சந்தன்னு ஒரு நாடகம் எழுதுனாரு, மனுசங்களா பூமிக்கு வந்த ரெண்டு தெய்வங்க ஒருத்தருக்கொருத்தர் சேதி சொல்ல இந்த எழுத்தையே கண்டுபுடிக்கற மாதிரி கதை, எழுத்த பரப்ப அதவிட நல்ல விளம்பரம் ஏது. ஆனா எனக்கு ஆச்சரியம் அது இல்ல. அரிச்சுவடி, இலக்கணம், கணக்கு புஸ்தகம் வரைக்கும் அவரே எழுதியிருக்காரு. நாடகம் ஆசையில எழுதிரலாம், கணக்கு புஸ்தகத்த எவன் ஆசைப்பட்டு எழுதுவான்? குரு கோம்கேன்னு, பெரிய குருன்னு, சும்மாவா கூப்பிடறாங்க. 1982ல போயிட்டாரு, சந்தாலிய அரசியல் சாசனத்துல மொழிங்க பட்டியலான எட்டாவது அட்டவணைல சேர்த்தது 2003ல, அவரு பார்க்கல.

அம்மா இன்னமும் ஹிந்திக்கார பையன்னுதான் சொல்லுது. ஆனா நேத்து பார்க்கறேன், கரண்ட் மீட்டர் பொட்டிங்க மேல எப்பவும் ரூமுக்கு ரூம் கோடு போட்டு வெச்சிருக்கும், கடைசி ரூமுக்கு மட்டும் கோட்ட அழிச்சுட்டு சாக்பீஸ்ல ஒரு காளான் எழுத்து.