பிஎஸ்ஏ 0.07: ஒரு ரிப்போர்ட்டும் மூன்று மாதப் பதற்றமும்

புற்றுநோய்க்காக அப்பாவின் புராஸ்டேட் சுரப்பியை எடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆபரேஷன், வீடு திரும்பியது, சிறுநீர்க் குழாயை எடுத்தது எல்லாம் நல்லபடியாக முடிந்தன. எங்களை ஆட்டிவைத்தது அதற்குப் பிறகு வந்த ஒரு ரத்தப் பரிசோதனை.

மூன்றாம் மாத ரிப்போர்ட்டில் பிஎஸ்ஏ, அதாவது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதத்தின் ரத்த அளவு, ‘0.1க்கும் குறைவு’ என்றிருந்தது. ஆறாம் மாதம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று வேறு லேபில் ரத்தம் கொடுத்தோம். வந்தது 0.07. சுரப்பியே இல்லாத உடம்பில் இது எங்கிருந்து வந்தது? கவுன்டரில் கேட்டேன். “நார்மல் 4 வரைக்கும் சார், பயப்படாதீங்க” என்றார் அங்கிருந்தவர். ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் அச்சாகியிருந்தது. அந்த 4 சுரப்பி உள்ளவர்களுக்கான அளவு. சுரப்பியை எடுத்த பிறகு 0.2ஐத் தொட்டு, மறுபடி எடுத்தும் அப்படியே இருந்தால் நோய் திரும்புவதாகக் கணக்கு. தயவுசெய்து அந்த ‘நார்மல்’ கட்டத்தைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு, முதல் லேபின் முறை 0.1க்குக் கீழே அளக்காது, இரண்டாவது அளக்கும், அன்றைக்கும் 0.07 இருந்திருக்கலாம் என்றார். ஏறியதா இல்லையா என்றே சொல்ல முடியாத இரண்டு எண்களை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு வாரம் தூங்காமல் கிடந்திருக்கிறோம். இனிமேல் ஒரே லேப், ஒரே முறை. எண்ணை விட அது எவ்வளவு வேகமாக இரட்டிக்கிறது என்பதுதான் முக்கியம் என்றார். பயோட்டின் கலந்த வைட்டமின் சாப்பிடுகிறாரா என்றும் கேட்டார். சில கருவிகளில் அது முடிவையே மாற்றிவிடுமாம்.

அடுத்த வேலை பிளாக், அதாவது எடுத்த சுரப்பியின் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டி. அப்பாவின் திசு ரிப்போர்ட்டில் க்ளீசன் (புற்று எவ்வளவு தீவிரமானது என்று காட்டும் மதிப்பெண்) 4+3, வெட்டிய ஓரத்திலும் புற்றுச்செல்கள். திரும்பி வரும் வாய்ப்பைக் கணிக்க இந்த இரண்டும் பெரிய ஆதாரம் என்பதால் இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவர் பார்க்கட்டும் என்றார் டாக்டர். கட்டியில் 22 மரபணுக்களை அளந்து நோய் பரவும் வாய்ப்பைக் கணிக்கும் டெசிஃபர் பரிசோதனை பற்றியும் சொன்னார். அதற்கும் இதே மெழுகு பிளாக்தான் வேண்டும்.

பிளாக்கை வாங்கத் திண்டுக்கல்லிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப் போனேன். கவுன்டரில் கேட்டார்கள்: “பேஷன்ட் வரலையா?”

“இல்லைங்க, நான் மகன்.”

“அவர் கையெழுத்துப் போட்ட லெட்டர் வேணும், ஆதார் ஜெராக்ஸ் வேணும், டாக்டர் லெட்டர் வேணும்.”

முந்தின நாள் போனில் கேட்டபோது ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு நாள் லீவு வீண்.

இரண்டாவது முறை எல்லாம் கொண்டுபோனேன். ஒரு கவரை நீட்டினார்கள். நல்லவேளை அங்கேயே பிரித்தேன்: கண்ணாடி ஸ்லைடுகள் மட்டும். பிளாக் இல்லாமல் நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு மருத்துவர் அம்மா வந்தார். ரிப்போர்ட்டை வாசித்து, புற்று அதிகமுள்ள பிளாக் எது என்று அவரே தேடி எடுத்து, எண்ணையும் எழுதிக் கொடுத்தார். அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

மறுபரிசீலனையிலும் அதே 4+3தான். டெசிஃபரை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். போன வாரம் அதே லேபில் மறுபடி எடுத்தோம்: 0.07. ஏறத் தொடங்கினால் காத்திருக்காமல் கதிர்வீச்சு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா டைரியில் தேதி, எண், லேப் பெயர் மூன்றையும் எழுதிவைத்திருக்கிறார். அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து.