சந்தை நாள் பார்த்து ஒரு தீவுப் பயணம்

மொரீஷியஸில் எந்த ஊரில் எந்தக் கிழமை சந்தை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் விமான டிக்கெட் போட்டோம். சென்ட்ரல் ஃப்ளாக்கில் புதனும் ஞாயிறும். மாஏபூரில் திங்கள். வடக்கே கூட்லாண்ட்ஸில் செவ்வாயும் வெள்ளியும். காத்ர் போர்னில் காய்கறி வேண்டுமென்றால் புதன் அல்லது சனி, துணிமணி என்றால் வியாழன் அல்லது ஞாயிறு. தலைநகர் போர்ட் லூயியின் மத்தியச் சந்தை மட்டும் கிழமை பார்க்காமல் நடக்கிறது, ஞாயிறன்று மதியத்தோடு மூடிவிடுகிறார்கள். ஊருக்கு ஊர் நாள் மாறுவதால் வியாபாரிகளும் சரக்கோடு சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். வாரக்கடைசியைச் சரியாக அமைத்துக்கொண்டால் சனிக்கிழமை போர்ட் லூயி, ஞாயிறு ஃப்ளாக், திங்கள் மாஏபூர் என்று மூன்றையும் பார்த்துவிடலாம். மாஏபூர் விமான நிலையத்துக்குப் பக்கம். ஊர் திரும்பும் நாளில் அதை வைத்துக்கொள்வது வசதி.

அம்மாவும் மனைவியும் கூட வந்திருந்தார்கள். ஓட்டலில் தங்காமல், கிழக்குக் கடற்கரையில் சமையலறையோடு ஒரு வீடு எடுத்திருந்தோம். சந்தைக்குப் போகிறவர்கள் இப்படித் தங்குவதுதான் சரி என்பது என் கருத்து. சமைக்கப் போகிறோம் என்றால்தான் காயைக் கையில் எடுத்துப் பார்ப்போம், விலை கேட்போம், இதை எப்படிச் செய்வது என்று விற்பவரிடமே விசாரிப்போம். படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறவருக்கு அந்தப் பேச்சு கிடைக்காது.

போர்ட் லூயி சந்தையின் இரும்புக் கதவுகளில் விக்டோரியா மகாராணியின் முதலெழுத்துகள் இன்னும் இருக்கின்றன. உள்ளே கீழ்த்தளம் முழுக்கக் காயும் பழமும். மாடியில் கைவினைப் பொருட்கள், டோடோ பறவை பொம்மைகள், மேசை விரிப்புகள். இறைச்சிக்குத் தனிக் கட்டடம். மாடிக்குப் போனால் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுகிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு என்றே அமைந்த தளம் அது, பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். மேலே நின்று கீழே பார்த்தால் பச்சையும் மஞ்சளுமாகக் காய் அடுக்கியிருக்கும் அழகு முழுசாகத் தெரியும். அதற்காக ஒருமுறை ஏறிவிட்டு இறங்கிவிடலாம்.

கீழ்த்தளத்தில் என்னை நிறுத்தியது மூலிகைக் கடை. காய்ந்த இலைகளையும் பட்டைகளையும் சிறு கட்டுகளாகக் கட்டி, எந்த நோய்க்கு எது என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்கள். வெந்நீரில் போட்டுக் குடிக்கும் கஷாயத்தை அங்கே 'தீசான்' என்கிறார்கள். வயிற்றுக்கோளாறுக்கு ஆயாப்பானா என்ற இலை. அம்மா அதைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு கட்டு எடுத்துக்கொள் என்று கண்ணால் சொன்னார்.

அப்புறம் அலூதா. அந்தச் சந்தைக்குள் 'அலூதா பிள்ளை' என்றே பெயர் போட்ட கடை ஒன்று இருக்கிறது, போர்ட் லூயிக்கு வருகிற யாரும் அதைத் தாண்டிப் போவதில்லை. குளிர்ந்த பால், ஊறிய சப்ஜா விதை, துருவிய கடற்பாசி. மதுரைக்காரனான எனக்கு முதல் மிடறிலேயே ஜிகர்தண்டா ஞாபகம் வந்தது. இது அதைவிட நீர்த்தது, இனிப்பும் லேசு. டிசம்பர் புழுக்கத்துக்கு அதுதான் தோதாக இருந்தது.

சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஆப்ரவாசி காட் இருக்கிறது. 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய இடம். 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கரையேறிய பதினாறு கற்படிகளும் அப்படியே இருக்கின்றன. தமிழர்களில் ஒரு பகுதியினர் இவர்களுக்கு நூறு ஆண்டுகள் முன்பே வந்தவர்கள். பிரெஞ்சு ஆளுநர் மாஏ த லபூர்தொனே 1730களில் போர்ட் லூயியைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களைக் கொண்டுவந்தார். சந்தையைப் பார்த்துவிட்டு அங்கே போவது நல்லது. காலையில் நமக்குக் கீரை விற்றவர்களில் பலருடைய முன்னோர்கள் அந்தப் படியேறி வந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்து கரும்புத் தோட்டத்தைவிட்டு வெளியே வந்தவர்கள் சிறு துண்டு நிலம் வாங்கிக் காய்கறி பயிரிட்டார்கள். இந்தத் தீவின் சந்தைகள் அவர்கள் உழைப்பில் எழுந்தவை.

சாயங்காலம் மெட்ரோ ரயிலில் காத்ர் போர்ன் போனோம். போர்ட் லூயியிலிருந்து கிளம்பும் இந்த ரயில் 2022இல் கியூர்பிப் வரைக்கும் நீண்டுவிட்டது, பேருந்தைவிடச் சுலபம். தீவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் நிறைய. ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகள் காத்ர் போர்ன் சந்தைக்கு மலிவாக வந்து சேருகின்றன. துணி வாங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் போங்கள். எங்களுக்கு ஞாயிறு ஃப்ளாக்குக்கு என்று முடிவாகியிருந்தது.

ஃப்ளாக் போகும் வழியெல்லாம் கரும்பு. கரும்புக் காட்டுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேல் கருங்கற்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். எரிமலைத் தீவு என்பதால் மண் முழுக்கக் கல். உழுவதற்காக அந்தக் கல்லைக் கையால் பொறுக்கி அடுக்கியவர்கள் கூலிகள். பேருந்து ஜன்னல் வழியாக அம்மா அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தீவின் மிகப் பெரிய திறந்தவெளிச் சந்தை ஃப்ளாக்தான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே நடக்க இடமில்லை. கையில் எல்லோரும் 'தாந்த் பஸார்' வைத்திருக்கிறார்கள். கெட்டியான கைப்பிடி வைத்துப் பின்னிய சந்தைக்கூடை அது. முன்பு தாழையோலையில் முடைந்தார்கள், இப்போது பெரும்பாலும் வண்ண நார். தாழையோலையில்தான் ஒரு காலத்தில் சர்க்கரை மூட்டைகளும் பின்னினார்கள். 2016 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் கூடை இல்லாமல் போனால் தடுமாற வேண்டும். வாசலிலேயே ஒன்று வாங்கிக்கொண்டோம்.

கீரைப் பகுதிக்கு வந்ததும் அம்மாவின் நடை மாறிவிட்டது. கீரைக்குப் பொதுப்பெயர் 'பிரெத்'. அதில் முருங்கைக்கீரை 'பிரெத் மூரூம்'. கொத்தமல்லி 'கொத்தோமிலி', கறிவேப்பிலை 'காரிபிலே', பீர்க்கங்காய் 'பிப்பங்காய்'. வெண்டைக்காயை லாலோ என்றும், பாகற்காயை மார்கோஸ் என்றும் சொல்கிறார்கள். சௌசௌ அங்கேயும் ஷூஷூதான், அதன் கொழுந்தையும் கீரையாகக் கட்டி விற்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தக் கொழுந்தைச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஓரத்தில் உட்கார்ந்து கீரை விற்ற வயதான அம்மாளை எல்லோரும் 'மாத்தாந்த்' என்று கூப்பிட்டார்கள். அத்தை, சித்தி என்கிற மாதிரி. அவருடைய நெற்றியில் குங்குமம். அம்மா சட்டென்று தமிழிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"முருங்கைக்கீரைதானேம்மா இது? நீங்க எப்படிப் பண்ணுவீங்க?"

அவருக்குத் தமிழ் புரியவில்லை. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. தமிழ் கோயிலிலும் பாடப்புத்தகத்திலும் தேவாரத்திலும்தான் இருக்கிறது. ஆனால் கீரையைத் தொட்டுக் காட்டியதும் கேள்வி விளங்கிவிட்டது. கூட இருந்த பேத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். பூண்டு, வெங்காயம் போட்டுத் தண்ணீரில் கொதிக்கவிட வேண்டும், அவ்வளவுதான். அதைச் சோற்றில் ஊற்றி, கருவாட்டைத் தக்காளியோடு வதக்கிய ரூகாயைத் தொட்டுக்கொள்ள வேண்டும். பருப்பு போட மாட்டீர்களா என்று அம்மா கேட்க, பேத்தி கேட்டுச் சொல்ல, பாட்டி "அய்யோ!" என்று சிரித்தார். பருப்பு தனியாம், கீரைத் தண்ணீர் தனியாம். அந்த அய்யோவுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தமிழர், பிஹார் வழி வந்தவர், சீனர், ஆப்பிரிக்க வழிக் கிரியோல் மக்கள் எல்லோரும் அங்கே அதே அய்யோவைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்த கடையில் வாழையிலைக் கட்டுகள் இருந்தன. தமிழ்க் குடும்பங்களின் விசேஷங்களில் ஏழு கறிச் சாப்பாடு இலையில்தான் என்று பேத்தி சொன்னாள். 'செத் காரி' என்று அதற்குப் பெயர். ரசம் அங்கே 'ரஸோன்'. ஜனவரி, பிப்ரவரியில் தைப்பூசம் வரும். அன்று நாடு முழுவதுக்கும் அரசு விடுமுறை. காவடிக்கு விரதம் இருப்பவர்கள் பத்து நாள் அசைவம் தொடுவதில்லை, அப்போது காய்கறி விலை ஏறிவிடும் என்றாள். அதே மாதங்களில் புயல் அடித்தால் கீரையே கிடைக்காது. 2024 ஜனவரியில் பெலால் புயல் போர்ட் லூயித் தெருக்களை வெள்ளக்காடாக்கிப் போனது. இலைக்காய்கள் முதலில் அழுகும் என்பதைக் கீரை விற்கிறவர்களைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

பணம் கொடுக்க எடுத்த நூறு ரூபாய்த் தாளைத் திருப்பிப் பார்த்தேன். அதில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், தமிழர், விடுதலைக்கு முந்தைய காலத்து வழக்கறிஞர், அரசியல் தலைவர். மொரீஷியஸ் நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கு அடுத்துதான் இந்தி. 1998இல் இந்த வரிசையை மாற்றித் தமிழைக் கீழே இறக்கிப் புதிய நோட்டுகள் வந்தன. தமிழ் மக்கள் கொதித்தெழுந்தார்கள். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டது. மொழியைப் பேச்சில் இழந்தவர்கள், நோட்டில் அதன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தத் தாளை அவரிடம் கொடுத்தபோது என் மனம் நிறைந்திருந்தது.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். ஃப்ளாக்கில் காலைச் சாப்பாடு 'காத்தோ பிமான்'. நம் பருப்பு வடைதான், கொஞ்சம் சின்னதாக உருட்டிப் பொரிக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதைப் பிரெஞ்சு ரொட்டியைப் பிளந்து, வெண்ணெய் தடவி, உள்ளே வைத்து நசுக்கித் தருகிறார்கள். வடைக்கு வெண்ணெயா என்று மனைவி தயங்கினாள். சுடச்சுட வடையின் சூட்டில் வெண்ணெய் உருகி ரொட்டியில் இறங்கியிருந்தது. அவள் இரண்டாவது வாங்கினாள்.

அடுத்து தால் பூரி. வெந்த பருப்பைப் பொடித்து மாவுக்குள் அடைத்து மெல்லிசாகத் தேய்த்துச் சுட்டது. எப்போதும் ஜோடியாகத்தான் விற்பனை. ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மொச்சைக் குழம்பு, தக்காளி ரூகாய், மிளகாய் விழுது தடவிச் சுருட்டித் தாளில் கட்டிக் கொடுப்பார்கள். வாங்கியதும் நின்ற இடத்திலேயே சாப்பிட்டுவிட வேண்டும். ஆறினால் அந்த மென்மை போய்விடும்.

டிசம்பர் லிச்சி மாதம். கொத்துக் கொத்தாகச் சிவந்து தொங்குகிறது. தெருவோரத்தில் எடைபோடுவதில்லை, நூறு பழம் இவ்வளவு என்று எண்ணி விற்கிறார்கள். லிச்சி மரங்களை வலை போட்டு மூடியிருப்பதை வழியில் பார்த்திருந்தோம். பழந்தின்னி வௌவால்களுக்கு எதிராக அந்த ஏற்பாடு. 2015 முதல் அரசு அந்த வௌவால்களைக் கொல்ல உத்தரவிட்டு, பெரிய சர்ச்சையானது. மொரீஷியஸும் அதன் அண்டைத் தீவுகளும் சேர்ந்த மஸ்கரீன் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத உயிரினம் அது. டோடோவை இழந்த தீவில் இன்னொன்றையும் இழக்கக் கூடாது. வலை போட்ட மரத்துப் பழம் கொஞ்சம் விலை கூடினாலும் கொடுத்து வாங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழத்தில் இன்னொன்று, விக்டோரியா அன்னாசி. கைக்குள் அடங்குகிற அளவு, மணம் தெருமுனை வரை. காம்பைப் பிடித்துக்கொண்டு கண்களைச் சுற்றுவட்டமாகச் சீவி எடுத்து, மிளகாயும் உப்பும் தூவித் தருகிறார்கள். இதுபோல மாங்காய், வெள்ளரி, அம்பழங்காய் எல்லாவற்றையும் புளியும் மிளகாயும் சேர்த்து ஊறவைத்து விற்கும் கடைகள் தனியாக உண்டு.

பேரம் பற்றி ஒரு வார்த்தை. துணி, பொம்மை, கூடைக்குப் பேசலாம். கீரை, காய்க்குப் பேசாதீர்கள். விலை எழுதி வைத்திருக்கிறார்கள், உள்ளூர்க்காரரும் அதே விலைதான் கொடுக்கிறார். நாம் பேசாமல் வாங்கினாலே கூட ஒரு கொத்து கொத்தமல்லியைச் செருகிவிடுகிறார்கள்.

திங்கள் காலை பெட்டிகளோடு மாஏபூர். கடலை ஒட்டிய ஊர். 1810இல் பிரெஞ்சுக் கடற்படை ஆங்கிலேயரை வென்றது இந்த விரிகுடாவில்தான், ஆனாலும் அந்த ஆண்டு முடிவதற்குள் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. சந்தை ஃப்ளாக்கைவிடச் சிறியது, காற்றோட்டமானது. வெனிலாக் காய்களும், 1870 முதல் இந்த ஊரில் செய்யப்படும் மரவள்ளிக்கிழங்கு பிஸ்கட்டும் வாங்கினோம். இரண்டும் பெட்டியில் கெடாமல் வரும்.

ஒரு கடையில் ரோட்ரிக்ஸ் தீவுச் சரக்கு. மொரீஷியஸைச் சேர்ந்த சின்னத் தீவு அது, ஒன்றரை மணி நேர விமானப் பயணம். அங்கிருந்து வந்த தேன், சிவப்புப் பயறு, விரல் நுனி அளவு மிளகாயில் போட்ட ஊறுகாய், காயவைத்த ஆக்டோபஸ். 2012 முதல் ரோட்ரிக்ஸில் ஆண்டுதோறும் குறிப்பிட்ட காலத்துக்கு ஆக்டோபஸ் பிடிக்கத் தடை. அதன்பின் பிடிபடுவது பெரிதாக இருக்கிறது என்றார் கடைக்காரர். ஊறுகாயை ருசி பார்க்கக் கொடுத்துவிட்டு, சந்தை பார்க்கத்தான் வந்தோம் என்றதும் கையை ஆட்டினார். ரோட்ரிக்ஸின் போர்ட் மாத்யூரானில் சனிக்கிழமை சந்தையைப் பார்க்காமல் எப்படி என்றார். விடிவதற்கு முன்பே போய்விட வேண்டுமாம், ஏழு மணிக்கெல்லாம் நல்ல சரக்கு தீர்ந்துவிடுமாம். வெள்ளிக்கிழமையே போய் இறங்கித் தங்கச் சொன்னார். மனைவி அங்கேயே நின்று நாட்காட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.